இடப்பக்கம் விலகவும்

எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்து மீண்டவர்கள் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் நன்றியில் தொடங்கி நன்றியில் முடிகின்றன. என்னுடையது அவ்வாறன்று. நன்றிக்குரியோர் உளர், உரிய இடத்தில் கூறுவேன். ஆயினும் என்னைக் கட்டிலிலிருந்து இறக்கி நடக்க வைத்தது மருந்து மட்டுமன்று, செபமும் அன்று. ஒருவரைப் பலர் முன்னிலையில் வாயடைத்து நிற்கச் செய்ய வேண்டும் என்னும் வேட்கையே அது. அந்த ஒருவர் என் மருமகர்.

நான் சொல்லச் சொல்ல என் கணவர் சவரிமுத்து இதனை எழுதுகிறார். ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றில் நெடுங்காலம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். எழுத்து மணிமணியாக இருக்கும் என்று பிறர் சொல்வர். மாப்பிள்ளையைக் குறித்து நான் சொன்ன இரண்டு அடைமொழிகளை எழுத மறுத்துவிட்டார். அவையின்றியும் செய்தி விளங்கும் என்பதால் விட்டுக்கொடுத்தேன்.

எனக்குப் பார்வை இல்லை. பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியையாக இருந்த காலத்தின் இறுதியில், கண் நீர் அழுத்த நோய் என்று மருத்துவர் கூறும் நோய் வந்தது. விழிக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக நசுக்கிவிடும் நோய் அது. வலி இராது. ஓரங்களிலிருந்து உலகம் சுருங்கிச் சுருங்கி ஒருநாள் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டபின் வெள்ளைக்கோல் பழகினேன். வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து ஏரிக்கரைக்கும், மீண்டும் வீட்டுக்கும் தனியே நடப்பேன். எனக்கு எஞ்சிய உடைமை அந்த நடை ஒன்றுதான். இந்தக் கதையில் பறிபோகவிருந்ததும் அதுவே.

என் மகள் அருள்மொழி சேலத்தில் வங்கிப் பணியில் இருக்கிறாள். அவள் கணவர் எட்வின் பொறியாளர். பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் கருவிகளை வடிவமைப்பது அவர் தொழில். அவர் செய்த கோல் ஒன்றுண்டு. அதற்கு அவர் இட்ட பெயர் ஆங்கிலம், நான் இட்ட பெயர் அதிர்கோல். பிடியின் கீழே சிறு கண்ணொன்று இருக்கும். அது கட்புலனாகாத ஒளியை முன்னே வீசும். ஒளி எதன்மீதேனும் பட்டுத் திரும்பினால், தடை இருக்கிறது என்று பிடி கையில் அதிரும். அதிர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர் ஒரே விதி வகுத்திருந்தார்: இடப்பக்கம் விலகவும்; அதிர்வு நிற்கும்வரை விலகவும்.

அறம் பிறழாமல் சொல்கிறேன், அது நல்ல கருவி. வெள்ளைக்கோலுக்கு நிலத்தில் கிடப்பதுதான் தெரியும். தலைக்கு நேரே தொங்கும் சில்வர் ஓக் கிளை தெரியாது. அதிர்கோல் அதையும் சொல்லிற்று. சேலத்தில் பெரிய கூடத்தில் நாற்காலிகளையும் அட்டைப்பெட்டிகளையும் வைத்துப் பலரை நடக்கவிட்டுச் சோதித்ததாகவும், மலைநாட்டுச் சோதனைக்கு நான் வேண்டும் என்றும் மாப்பிள்ளை கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வந்த அன்றே என் வெள்ளைக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய கோல் கையிலிருந்தால் பழைய பழக்கமே நடக்கும், சோதனை தூய்மையாக இராது என்பது அவர் வாதம். தூய்மை என்ற சொல்லுக்கு நான் எப்போதும் பணிந்துவிடுவேன். கொடுத்துவிட்டேன்.

காலை நடையில் கோல் சில வேளை காரணமின்றி அதிர்கிறது என்று அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். குளிரில் மின்கலம் தடுமாறுகிறதோ என்று ஐயம் எனக்கு. அவர் சிரித்தார்.

"கை நடுங்குதோ என்னமோங்க அத்தை. கோலை நம்புங்க. அது பொய் சொல்லாது."

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. கன்னத்தில் பனி ஈரத்துணியாக ஒட்டிற்று. வீட்டுப் படியிறங்கிச் சாலையில் திரும்பியதுமே கோல் அதிர்ந்தது. இடப்பக்கம் விலகினேன். நிற்கவில்லை. மேலும் விலகினேன். அங்கே மழைநீர்க் கால்வாய் இருப்பது எனக்குத் தெரியாததன்று. ஆயினும் சோதனைக்கு ஒப்புக்கொண்டால் விதிப்படி நடக்க வேண்டும் என்று மாணவியரை வளர்த்தவள் நான். அதிர்வு நின்றால் நானும் நின்றிருப்பேன். அது நிற்கவில்லை. கால் வெறுமையில் இறங்கிற்று.

மஞ்சக்குட்டையிலிருந்து ஆளேற்றி வந்த ஜீப்பொன்று நின்றது. யாரோ பெண்ணொருத்தி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையில் கேழ்வரகு மாவின் மணம். அவள் பெயரை நான் கேட்கவில்லை. நன்றிக்குரியோருள் அவள் முதல்வி.

ஏற்காட்டிலேயே வலி தணிக்கும் ஊசி போட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். முறிந்த இடுப்போடு மலையிறங்குவது எப்படி என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வேன்: வளைவுகளை உடம்பால் எண்ணத் தொடங்காதீர்கள். என் கணவர் ஓட்டுநரிடம் மன்றாடி, வளைவு குறைந்த குப்பனூர்ச் சாலையில் போகச் செய்தார். சுற்றுதான், ஆனால் அது என்னைக் காத்தது. வழியெல்லாம் என் காலை இரு தலையணைகளுக்கிடையே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பே அறிவித்துக்கொண்டு வந்தார்.

"இப்ப வலக்கைப் பக்கம் திரும்புது டீச்சர், பல்லைக் கடிச்சுக்க."

திருமணமான நாள்முதல் அவர் என்னை அப்படித்தான் அழைக்கிறார்.

சேலத்து மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். எக்ஸ்ரே என்றால் எல்லார்க்கும் விளங்கும். தொடையெலும்பின் மேல்முனையில் பந்து போன்றதொரு தலை உண்டு. அது இடுப்புக் குழியில் பொருந்திச் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம். அந்தத் தலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கழுத்து எனக்கு முறிந்திருந்தது. அகவை முதிர்ந்தோர்க்கு அங்கே குருதியோட்டம் அறுந்தால் எலும்பு ஒட்டாதாம். ஆகவே பழைய தலையை நீக்கி உலோகத் தலை பொருத்த வேண்டும் என்றார் மருத்துவர். என்றார் என்றேனே, என்னிடம் அன்று; என் தலைக்கு மேலாக என் கணவரிடம். பார்வையற்றவருக்குச் செவியும் இல்லை என்பது மருத்துவமனைகளில் பொதுக் கருத்து. அம்மா சாப்பிட்டாங்களா, அம்மாவுக்கு வலிக்குதா என்று எல்லாரும் அவரையே வினவினார்கள். மூன்றாம் முறை அவர் பொறுக்கமாட்டாமல், அம்மாவையே கேளுங்க சார், எனக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்குது என்றார்.

காத்திருப்புக் கூடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளுகட்டிலில் படுத்தபடி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு உருட்டப்படுபவளுக்குக் கூடங்கள் ஒலியாலும் மணத்தாலும்தான் வேறுபடும். குருதி எடுக்கும் இடத்தில் பஞ்சில் தோய்த்த ஸ்பிரிட் மணம். இதயத்தின் மின்னோட்டத்தை வரையும் அறையில் குளிர்ந்த பசை. மயக்க மருந்து தாங்குமா என்று அறிய அந்தச் சோதனை. மின்தூக்கியில் பொத்தான்களுக்கருகே தொட்டுப் படிக்கும் புள்ளியெழுத்து பொறித்திருந்தார்கள். கை எட்டியபோது தடவிப் பார்த்தேன். தகடு தலைகீழாகத் திருகப்பட்டிருந்தது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுள்ளவர் கண்ணற்றவர்க்குச் செய்யும் தொண்டின் முழு வரலாறும் அந்தத் தகட்டில் இருந்தது.

அறுவைக்கு முதல்நாள் மாலை நான் அஞ்சினேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், அறிவு விழித்திருக்கும் என்று விளக்கினார்கள். அறிவு விழித்திருப்பதே எனக்கு அச்சம். பார்வை போன நாளில் இழந்ததை மீண்டும் ஒருமுறை இழப்பதுபோல் இருந்தது. அருள்மொழி என் கைவிரல்களுக்கு ஒவ்வொன்றாக நகம் வெட்டிவிட்டாள். சிறுமியாக இருந்தபோது நான் அவளுக்கு வெட்டிவிட்ட அதே முறையில், சுண்டுவிரலில் தொடங்கினாள். அச்சம் சற்றே விலகிற்று.

அப்போது வாயிலருகே மாப்பிள்ளையின் குரல் கேட்டது. உறவினர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"தலைசுத்தல்ங்க. வயசாச்சுல்ல. கோலோட மெமரியைப் பார்த்துட்டேன், முன்னால ஏதோ தடை இருந்திருக்கு, கரெக்டா காட்டியிருக்கு. அத்தைதான் பதறிட்டாங்க. இனிமே தனியா அங்க விடமுடியாதுங்க. ஏற்காட்டு ஊட்டை வித்துட்டு இங்கயே கூட்டி வந்துடலாம்னு இருக்கோம்."

அறுவையின்போது எலும்பை அறுக்கும் ஒலியும் சுத்தியல் ஒலியும் கேட்டன. வலி இல்லை. அவ்வொலிகளுக்கிடையே நான் அச்சொற்களையே மீண்டும் மீண்டும் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். தலைசுத்தல். பதறிட்டாங்க. தனியா விடமுடியாது. என் காலை எடுத்துக்கொண்டதுமல்லாமல் என் சாலையையும் எடுத்துக்கொள்ள ஒருவர் துணிந்தார். அதுவும் அன்பின் பெயரால்.

இங்கே ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். எட்வின் தீயவர் அல்லர். தீயவராக இருந்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும். மருத்துவமனைக் கட்டணம் முழுவதையும் அவரே செலுத்தினார். எவ்வளவு என்று என்னிடம் எவரும் சொல்லவில்லை. என் கணவர் கண்ணயர வேண்டி, இரண்டு இரவுகள் நடைக்கூடத்து இருக்கையில் கிடந்தார். எனக்கு ஆரஞ்சுச் சுளைகளை நார் நீக்கிக் கொட்டை எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவார். பகைவர் உரித்த சுளையை உண்டு உடல் தேற்றுவது எவ்வளவு கசப்பானது என்பதை உண்டவரே அறிவர். எல்லாவற்றையும் உண்டேன். பழிக்கு வலிமை வேண்டும்.

என் பழைய வெள்ளைக்கோலைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று ஒருநாள் கணவரிடம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அது மாப்பிள்ளையின் அலுவலகச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது, கீழே 'பழைய முறை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று கஞ்சி இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அறுவைக்குப்பின் நாள்தோறும் வயிற்றில் சிறு ஊசி போட்டார்கள். அசையாது கிடக்கும் காலில் குருதி கட்டிக்கொண்டு, அக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிடாமல் காக்க அது. அதோடு எனக்கு நெஞ்சில் சளியும் கட்டிற்று. ஆழ்ந்து மூச்சிழுக்காமல் படுத்தே கிடப்போர்க்கு இது வரும். நாளும் ஆவி பிடிக்க வேண்டும் என்று மருத்துவர் பணித்தார்.

ஆவிக்கலத்தைக் கொண்டுவருபவள் ஜெசிந்தா என்னும் செவிலி. கிளியூர்ப் பெண். என்னிடமே நேராகப் பேசியவள் அந்தத் தளத்தில் அவள் ஒருத்திதான். அதிர்கோல் என் கட்டிலருகே சாத்தியிருந்தது. எனக்குத் துணிவு குன்றாதிருக்கவாம், மாப்பிள்ளையின் ஏற்பாடு. அன்று பிற்பகல் நான் அதை எடுத்து மடியில் கிடத்தி, பிடியை அழுத்தி உயிர்ப்பித்து, எதிரே ஒன்றுமில்லாத திசை நோக்கி வைத்திருந்தேன். வெறுப்போடு ஒன்றைத் தடவிக்கொண்டிருப்பதிலும் ஓர் ஆறுதல் உண்டு. கோல் அமைதியாக இருந்தது. ஜெசிந்தா ஆவிக்கலத்தை எனக்கு முன்னிருந்த சிறு மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

கோல் அதிர்ந்தது.

மேசை தடையாயிற்றோ என்று எண்ணி, கலத்தை மட்டும் மூடச் சொன்னேன். அதிர்வு நின்றது. திறக்கச் சொன்னேன். அதிர்ந்தது. மூடு, நின்றது. திற, அதிர்ந்தது. முகத்தில் வெப்ப ஆவி படர, என் உள்ளே ஒரு பனிக்காலை விரிந்தது. ஆவி என்பது என்ன? காற்றில் மிதக்கும் நுண்துளிகள். மூடுபனி என்பது என்ன? அதுவேதான். கோல் வீசும் ஒளி அத்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. கோல் அதைச் சுவர் என்று கொள்கிறது. சேலத்துக் கூடத்தில் நாற்காலி இருந்தது, பெட்டி இருந்தது, பனி இல்லை. சேர்வராயன் மலையில் ஆண்டின் பாதி நாள் காலையில் ஊர் முழுவதுமே சுவர். நான் பதறவில்லை. எனக்குத் தலை சுற்றவில்லை. இல்லாத சுவருக்கு இடப்பக்கம் விலகி, இருந்த பள்ளத்தில் விழுந்தேன்.

"டீச்சரம்மா, மெஷின் ரிப்பேருங்களா? உங்க மருமகனுக்குப் போன் போடட்டுங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"வேண்டாம் சாமி" என்றேன். "இதை நீ பார்க்கவில்லை."

"நான் எதையும் பார்க்கலீங்க. மூடி திறக்கச் சொன்னீங்க, திறந்தேன். மூடச் சொன்னீங்க, மூடினேன். பெரியவங்க வெளையாடறாங்கன்னு இருந்துட்டேன்."

கணவர் வந்ததும் அவருக்கும் செய்துகாட்டினேன். அவர், மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லிவிடலாம், பாவம், சின்ன வயது என்றார். நான் மறுத்தேன். மாப்பிள்ளை என்னைப் பற்றித் தனியாகச் சொல்லவில்லையே. உறவினரிடம் சொன்னார், மருத்துவரிடம் சொன்னார், கோலுக்குப் பொருளுதவி செய்யும் அறக்கட்டளையினரிடமும் சொன்னாராம். நாலு பேர் முன்னே போனதை நாலு பேர் முன்னேதான் மீட்க வேண்டும். தனியாகச் சொன்னால் அவர் கோலைத் திருத்திக்கொள்வார். என் தலைசுற்றல் மட்டும் திருத்தப்படாமலே நிற்கும். வீடு விற்கப்படும். நான் மகள் வீட்டு மாடியில், கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, எவரேனும் கூட்டிப்போகும் நாளுக்காகக் காத்திருப்பேன்.

"ஒருத்தரு கையில அந்தக் கோலு போய்ச் சேர்ந்து, அவங்களும் விழுந்தா?" என்றார் என் கணவர். அந்தக் கேள்வி நியாயமானது. கோல் ஒருவர் வீட்டுக்கும் போகாது என்று வாக்களித்தேன். வாக்கைக் காப்பதற்கும் பழியைக் கொள்வதற்கும் ஒரே மேடை போதுமானதாக இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை சுளைக் கிண்ணத்தோடு வந்தபோது நான் கனிவே உருவானேன். கோல்களை வழங்கும் விழா சேலத்தில் நடக்கவிருப்பதாகச் சொன்னார். மலைநாட்டுப் பார்வையற்றோர்க்கு வழங்குவதை மலையிலேயே வழங்கலாமே என்றேன். எங்கள் கோயில் வளாகம் இருக்கிறது, பங்குத்தந்தையிடம் நானே பேசுகிறேன், விழுந்தும் எழுந்தவள் என்ற முறையில் நானே ஓரிரு சொல் பேசவும் செய்கிறேன் என்றேன். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் ஒரு காலைப்பொழுது மிக நன்றாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் போனபின் அருள்மொழி என் அருகே வந்து அமர்ந்தாள்.

"அம்மா, நீங்க இவ்வளவு இனிமையாப் பேசினா எனக்குப் பயமா இருக்குது."

"ஏனம்மா?"

"பத்தாம் வகுப்புல உங்க மாணவி மேரியைப் பெயிலாக்கினப்பவும் இப்படித்தான் பேசினீங்க."

அதன்பின் நான் நடைப்பயிற்சியில் காட்டிய ஊக்கத்தைக் கண்டு இயன்முறை மருத்துவரே வியந்தார். நான்கு கால் தாங்கியை முன்னே வைத்து, முறிந்த காலை எடுத்து, நல்ல காலைச் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பில் கத்தி செருகியதுபோல் இருக்கும். பிறர் இறைவன் பெயரைச் சொல்லி அடியெடுத்து வைப்பார்கள். நான் எட்வின் என்று சொல்லி வைத்தேன்.

விழாவுக்கு முன்பே ஏற்காட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். விழா நாள் வந்தது. விடியலில் சன்னலைத் திறந்து கையை நீட்டினேன். பனி உள்ளங்கையில் அமர்ந்தது. இரவெல்லாம் அதற்காகவே வேண்டியிருந்தேன். தீய வேண்டுதலையும் கேட்கும் செவி மேலே இருக்கிறது போலும். கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கிளியூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் வந்த பார்வையற்றோர் ஒரு வரிசையில் அமர்ந்தனர். அறக்கட்டளையினர் சேலத்திலிருந்து வந்திருந்தனர். ஆளுக்கொரு கோல் கையில் தரப்பட்டது. என் கணவர் என் காதருகே, பத்தடிக்கு அப்பால் யார் நிக்கறாங்கன்னு எனக்கே தெரியல டீச்சர் என்றார்.

என்னைப் பேச அழைத்தனர். தாங்கியைப் பிடித்து எழுந்து நின்றேன். கோலின் சிறப்பை முதலில் எடுத்துரைத்தேன். தலைக்கு மேல் தொங்கும் கிளையைக் காட்டுவதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் உழைப்பைச் சொன்னேன். எல்லாம் உண்மை. பின்பு, கோல் பெற்றவர்களை எழுந்து, முற்றத்தின் வெட்டவெளியை நோக்கித் திரும்பி நிற்கும்படி கேட்டேன். எதிரே ஏதேனும் இருக்கிறதா என்று கண்ணுள்ளவர்களைக் கேட்டேன். ஒன்றுமில்லை, வெறும் தரைதான் என்று பங்குத்தந்தை உறுதி கூறினார். இப்போது எல்லாரும் பிடியை அழுத்துங்கள் என்றேன்.

அந்த ஒலியை நான் சாகும்வரை மறவேன். தேன்கூட்டைக் கலைத்தாற்போல் ஒரு வரிசை முழுவதும் ரீங்கரித்தது. யாரும் அசையவில்லை. ஓர் அதிர்வும் நிற்கவில்லை. பின்னர்க் கிளியூர்ப் பெரியவர் ஒருவர் உரக்கக் கேட்டார்.

"ஏனுங்க, எந்தப் பக்கம் திருப்பினாலும் சொவரா இருக்குதே. நம்மள ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். ஆசிரியருக்குக் காத்திருக்கத் தெரியும்.

"மாப்பிள்ளை" என்றேன். "நான் கால்வாயில் விழுந்தது தலைசுற்றலால் என்று சொன்னீர்களே. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தலை சுற்றுகிறதா?"

அவர், சேலத்தில் சோதித்தபோது இவ்வாறு இல்லை என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ரீங்காரம் தொடர்ந்தது, ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை. பனியும் ஆவியும் ஒன்றென்பதை நானே அறக்கட்டளையினர்க்கு விளக்கினேன். கோல் ஒன்றும் அன்று எவர் வீட்டுக்கும் போகவில்லை; எல்லாம் பெட்டிக்குள் திரும்பின. வீட்டை விற்பதைப் பற்றி அன்றுமுதல் எவரும் பேசவில்லை.

பழியின் இனிமை எப்படி இருந்தது என்று கேட்பீர்களானால், மிக நன்றாக இருந்தது. பழி வாங்கியபின் வெறுமை தோன்றும், நெஞ்சு வருந்தும் என்று சொல்வோர் உளர். எனக்குத் தோன்றவில்லை. அன்று மதியம் நன்றாக உண்டு, நன்றாக உறங்கினேன். அருள்மொழி சில வாரம் என்னுடன் பேசவில்லை. ஆயினும் மருந்தும், மிளகுக் குழம்பும், எலும்புக்கு நல்லதென்று முருங்கைக்கீரைப் பொடியும் பேருந்து நடத்துநர் வழியே தவறாமல் வந்துகொண்டிருந்தன. அந்தக் குழம்பில் உப்பு மட்டும் சற்றுத் தூக்கலாக இருந்தது. நன்றிக்குரியோருள் அவளும் ஒருத்தி.

ஒருநாள் காலை வாயிலில் செருப்பொலி கேட்டது. மாப்பிள்ளை. கையில் நீண்ட பொதி ஒன்று. அதை என் மடியில் வைத்தார். தடவிப் பார்த்தேன், முனை தேய்ந்த என் வெள்ளைக்கோல். பனி இறங்கும் சனிக்கிழமைக் காலைதோறும் மலையேறி வருவதாகவும், திருத்திய கோலோடு என் பின்னால் நடக்க ஒப்புதல் வேண்டும் என்றும் கேட்டார். மன்னித்துவிட்டேன் என்று அவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக உடனே விடை சொல்லவில்லை. காப்பி குடித்து முடித்தபின், நடக்கலாம் என்றேன்.

இப்போது ஆடி மாதம். உலோக எலும்பு மழைநாளில் சற்றே வலிக்கிறது; மற்றபடி நலமாக இருக்கிறேன். கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும் தனியே போய் வருகிறேன். சனிக்கிழமைகளில் மட்டும் பின்னால் ஒரு காலடி. கண்ணுள்ளவர்க்கும் தம் காலடி தெரியாத பனி அது. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நடக்கிறார் என்று என் கணவர் சொல்கிறார். இருமுறை வேலியில் மோதினார். ஒருமுறை தேநீர்க் கடை இருக்கைமேல் விழுந்து எழுந்தார். நான் திரும்பவில்லை.

சென்ற சனியன்று நான் விழுந்த இடத்தருகே வந்தோம். என் வெள்ளைக்கோல் கால்வாய் விளிம்பைத் தொட்டு எனக்குச் சொல்லிவிட்டது. பின்னால் திருத்திய கோல் இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. காலடி நின்றது.

"அத்தை, இங்க இடக்கைப் பக்கம் பள்ளம் இருக்குதுங்களா?"

"கோலைக் கேளுங்கள், மாப்பிள்ளை" என்றேன். "அது பொய் சொல்லாது."

அவர் அசையாமல் நின்றார். மேலும் நடக்க வேண்டுமானால் என் கோல் தட்டும் ஒலியைத் தொடர்ந்து வருவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நான் நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் உரக்கத் தட்டி, மெதுவாகவே நடந்தேன். என் இடுப்பின் பொருட்டுத்தான்.